ஸ்கூட்டர் போய் டார்ச் வந்தது

கொட்டாவியாருக்கு அன்று மதியம் இந்த உலகத்தின் மேலேயே அலுப்பாக இருந்தது. போன வழக்கில் காணாமல் போன பூனை ஒன்றைத் தேடி மாடி மாடியாக ஏறி இறங்கியதில் இடது முட்டி வீங்கிப்போய், மேஜைக்கு அடியில் ஒரு ஸ்டூலைப் போட்டுக் காலை நீட்டியிருந்தார். அந்தப் பூனையும் கடைசியில் புகார் கொடுத்தவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே கிடைத்தது. துப்பறியும் தொழிலின் லட்சணம் இவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை எப்படி, கல்யாணத்துக்குப் பின்னால் புருஷன் எங்கே, நடுவில் பூனை எங்கே. இதற்குள்ளேயே மனிதருக்குத் தலை நரைத்துவிட்டது. ஊர் அவருக்குக் கொட்டாவியார் என்று பெயர் வைத்ததில் என்ன தப்பு?

"சார், வாயை மூடுங்க. ஈ உள்ள போயிட்டு வழி தெரியாம நிக்குது" என்றாள் ரேடியோ.

ரேடியோ அவருடைய உதவியாளர். நாற்பதைத் தாண்டியவள். முன்பு டாக்ஸி கம்பெனி ஒன்றில் தொலைபேசியில் உட்கார்ந்து ஊர் பூராவும் வண்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்த வேலை போனாலும் வாய் ஓயவில்லை. கொட்டாவியார் ஒரு நாளைக்குப் பேசும் பேச்சை அவள் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பேசி முடித்துவிடுவாள்.

அந்த நேரத்தில்தான் கதவைத் தட்டாமலே ஒரு பெண் உள்ளே வந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. கழுத்தில் அளவெடுக்கும் நாடா அப்படியே தொங்கியது. கழற்றி வைக்கக்கூட மறந்து கிளம்பியிருக்கிறாள். ஸ்வெட்டருக்கு வெளியே தெரிந்த சட்டைக் காலரில் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருந்தது. கைப்பையிலிருந்து துணியில் சுற்றிய எதையோ எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"இதான் சார் சாட்சி."

கொட்டாவியார் பிரித்துப் பார்த்தார். பழைய டார்ச். தகரம், பச்சைப் பெயின்ட், கண்ணாடியில் ஒரு கீறல்.

"டார்ச்தானேம்மா இது?"

"இல்ல சார். ஸ்கூட்டர்."

ரேடியோ டார்ச்சைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள். "சக்கரம் எங்கேம்மா? கழட்டி வெச்சிருக்கீங்களா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. இரண்டுக்கும் தெம்பில்லாதவளாக நாற்காலியில் சாய்ந்தாள். பிறகுதான் விஷயம் வந்தது.

அவள் வீட்டிலேயே தைப்பவள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷன், குடி கிடையாது, கூத்து கிடையாது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் பழைய ஸ்கூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். கூட வேலை செய்பவர் சல்லிசாகக் கொடுத்தார் என்றார். தைத்த துணியை மூட்டை கட்டிக்கொண்டு பஸ்ஸில் அல்லாடிக்கொண்டிருந்தவளுக்கு அது பெரிய விஷயம். இந்த மாதம் பிறந்ததும் அந்த ஸ்கூட்டர் காணோம்.

"கேட்டேன் சார். 'கொடுத்துட்டேன்'னார். வாசல்ல ஒரு சைக்கிள் நின்னுச்சு. நாலு நாள்ல சைக்கிளும் போச்சு, டேபிள் ஃபேன் வந்துச்சு. ஃபேன் போச்சு, சுவர்க் கடிகாரம் வந்துச்சு. அந்தக் கடிகாரத்துக்கும் பைத்தியம் சார். முள்ளு பின்பக்கமா ஓடுது, நம்பரெல்லாம் இடம் மாறி இருக்கு. நேத்து அதுவும் போயி, இந்த டார்ச் வந்திருக்கு."

"அடுத்தது தீப்பெட்டி" என்றாள் ரேடியோ. "ஏறி இறங்கறதுதானே லிஃப்ட்காரர் வேலை. வீட்டுலயும் இறங்கிட்டே இருக்கார்."

"சும்மா இரு" என்றார் கொட்டாவியார். "வீட்டுல வேற ஏதாவது காணாமப் போச்சாம்மா? நகை, சாமான்?"

"ஒண்ணுமில்ல." கொஞ்சம் தயங்கினாள். "எங்க வீட்டுல ஒரு பொத்தான் காணோம்னு தேடிட்டு இருந்தேன். தையல்காரி வீட்டுல பொத்தான் காணாமப் போறதெல்லாம் ஒரு விஷயமா? அதை விடுங்க."

"சரி. உங்களுக்கு என்ன சந்தேகம்?"

அவள் கழுத்து நாடாவை விரலில் சுற்றினாள். "நேத்து ராத்திரி பாத்ரூம்ல நின்னு போன்ல பேசறார் சார். ஒரு பொம்பளை குரல். இவர் கேக்கறார், 'பாப்பா ஒத்துக்கிட்டாளா? நான் நாளைக்கு வரேன், பாப்பாகிட்ட சொல்லி வைங்க'ன்னு. எங்களுக்குக் குழந்தை இல்ல சார். அப்ப அது யாரு வீட்டுப் பாப்பா?"

ரேடியோ தன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"காலையில அவர் வேலைக்குப் போனதும் டார்ச்சை எடுத்துட்டு வந்துட்டேன். நாளைக்கு எங்க அக்கா வண்டி எடுத்துட்டு வரா. நான் பெட்டி கட்டிட்டேன். ஆனா போறதுக்கு முன்னாடி அந்தப் பொம்பளை யாருன்னு எனக்குத் தெரியணும். தெரியாம போனா, அங்க போயும் தூக்கம் வராது. சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

டார்ச்சை மேஜை மேலேயே விட்டுவிட்டு அவள் போனாள். கொட்டாவியார் டார்ச்சை எரியவிட்டு அணைத்தார். இந்த மாதிரி வழக்கில் கடைசியில் ஒரு பெண்ணும் குழந்தையும் இருக்கத்தான் செய்வார்கள். அதை நிரூபித்துவிட்டு வந்து, கைகழுவி, சாப்பிட்டுப் படுக்கவேண்டும். இதற்குப் பூனையே தேவலை என்று தோன்றியது.

"சார், எங்கே ஆரம்பிக்கறது? ஸ்கூட்டரா, சைக்கிளா, ஃபேனா?"

"ஸ்கூட்டர் ஊர்ல ஆயிரம் இருக்கு. சைக்கிளும் அப்படித்தான். கடிகாரத்தைப் பிடி."

"அதான் பைத்தியம் பிடிச்ச கடிகாரமாச்சே?"

"அதுக்குப் பைத்தியமெல்லாம் இல்ல. நம்மதான் தப்பான இடத்துல நின்னு பார்க்கறோம். நம்பர் திரும்பி இருக்கு, முள்ளு திரும்பி ஓடுது. அதை எங்கே மாட்டினா சரியாத் தெரியும்?"

ரேடியோ நகத்தைக் கடித்தாள். பிறகு கண் விரிந்தது. "கண்ணாடிக்கு எதிர்ல!"

"கழுத்துல துண்டைக் கட்டி, அசையாதேன்னு சொல்லி உக்காத்தி வெச்சிருக்கான். பின்பக்கச் சுவர்ல இருக்கற மணியைக் கண்ணாடியில பார்த்தாத்தான் உண்டு. அப்படி எங்கே உக்காருவே?"

"சலூன்!" அவள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். டாக்ஸிக்காரர்களுக்குத் தெரியாத சலூன் ஊரில் ஏது? மூன்றாவது ஆளிடம் பேசும்போதே விலாசம் வந்துவிட்டது. "சந்தைக்குப் பின்னாடித் தெருவாம். அந்த டிரைவர் அங்க முடி வெட்டிக்கிட்டுத்தான் ஒரு தடவை டூட்டிக்கு லேட்டாப் போனாராம். நேர்ல மணியைப் பார்த்துத் தொலைச்சிட்டாராம்."

வண்டியில் போகும்போது கொட்டாவியார் கண்ணை மூடிக்கொண்டார். ரேடியோ போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று அவர் தோளை உலுக்கினாள்.

"சார், தூங்காதீங்க. பொருளுக்குப் பொருள் மாத்திக்கற இணையதளம் ஒண்ணு இருக்கு. காசே கிடையாது. உங்ககிட்ட இருக்கறதைப் படம் எடுத்துப் போடுங்க, வேணுங்கறவன் தன்கிட்ட இருக்கறதைத் தருவான். சின்னதுல ஆரம்பிச்சுப் பெரிசு வரைக்கும் போறது ஒரு விளையாட்டு. இதோ, 'ஏணி'ன்னு பேர் வெச்சுக்கிட்டு ஒருத்தன். பாருங்க. டார்ச்சைக் கொடுத்துட்டுக் கடிகாரம். கடிகாரத்தைக் கொடுத்துட்டு டேபிள் ஃபேன். ஃபேனுக்குச் சைக்கிள். சைக்கிளுக்கு ஸ்கூட்டர்! இந்தப் பச்சை டார்ச்சைப் பாருங்க, கீறல் கூட அதே இடத்துல."

கொட்டாவியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம லிஃப்ட்காரர் எப்படி இறங்கினாரோ, இவன் அப்படியே ஏறியிருக்கான் சார். ஒருத்தன் ஏறணும்னா ஒருத்தன் இறங்கித்தானே ஆகணும்? இந்த ஏணிதான் அவர் தலையில மிளகாய் அரைச்சிருக்கான். அந்தப் பொம்பளையும் இவனோட ஆளாத்தான் இருக்கும். வழக்கு முடிஞ்சது. டீ சொல்லுங்க."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொட்டாவியாருக்கு எங்கேயோ இடித்தது. எங்கே என்று தெரியவில்லை. முட்டியும் வலித்தது.

சலூன் சின்னதுதான். ஒரே ஒரு நாற்காலி, நீளக் கண்ணாடி, பழைய பத்திரிகைகள். பின்பக்கச் சுவரில், உள்ளே நுழைந்ததும் முகத்தில் அறைவது போல அந்தக் கடிகாரம். பன்னிரண்டுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் பதினொன்று. நொடி முள் கூச்சமில்லாமல் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"வாங்க, உக்காருங்க" என்றார் சலூன்காரர். "ஷேவிங்கா, கட்டிங்கா?"

கேள்வி கேட்க வந்தவர் நாற்காலியைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டார். முட்டியை நீட்டி உட்கார இடம் கிடைத்தால் போதாதா? கழுத்தில் துண்டு விழுந்தது, முகத்தில் நுரை ஏறியது. ரேடியோ பத்திரிகையைப் புரட்டுவது போல் ஆரம்பித்தாள்.

"அண்ணே, இந்தக் கடிகாரத்தை யாருக்கோ கொடுத்துட்டீங்கன்னு கேள்விப்பட்டேனே?"

"அந்தக் கதையை ஏன் கேக்கறீங்க? போன மழைக்காலம் பூரா கரண்ட் போயிட்டே இருந்துச்சு. ஒருத்தருக்குப் பாதி மீசை எடுத்திருப்பேன், பொசுக்குன்னு இருட்டிடும். மீதி மீசையை எங்கே தேடறது? அப்போ ஒருத்தர் டார்ச் இருக்குன்னு போட்டிருந்தார். இந்தக் கடிகாரத்தை எல்லாரும் கேலி பண்ணிட்டே இருந்தாங்க, சரி போகட்டும்னு தூக்கிக் கொடுத்துட்டேன். போனப்புறம்தான் அருமை தெரிஞ்சது. உக்காந்த ஆளு மணி என்னன்னு தலையைத் திருப்புவான், என் கத்தி காதுக்கிட்ட இருக்கும். ரெண்டு பேருக்கு ரத்தமே வந்துடுச்சு."

கொட்டாவியார் கேட்டுக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் கடிகாரம் சமத்தாக இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் அதனதன் இடத்தில். முள் நேராக முன்னால் ஓடியது. மணி நாலே கால். திரும்பிப் பார்த்தால் பைத்தியம், இங்கிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

எங்கே இடித்தது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"ரேடியோ, ஏணிக்காரன் எப்ப ஏறினான்?"

"போன மழைக்காலத்துல. முடியும்போது ஸ்கூட்டர்."

"நம்ம லிஃப்ட்காரர் இறங்கினது?"

"இந்த மாசம்... அடடே."

"ஒருத்தரை ஏமாத்தி ஒருத்தன் ஏறினா, ரெண்டும் ஒரே சமயத்துலதானே நடக்கணும்? இங்க ஏறினவன் ஏறி முடிச்சு மாசக்கணக்காச்சு. அப்புறம்தான் இறங்கறது ஆரம்பிக்குது. அதுவும் அதே படி, அதே பொருள், ஒண்ணு தவறாம." நுரை வாய்க்குள் போனது. துப்பினார். "அண்ணே, இந்தக் கடிகாரத்தை உங்களுக்குத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தது யாரு?"

"டூல்ஸ் பையை மாட்டிட்டு வருவாரே, அவர்தான். கடிகாரம் இந்தாங்க, என் டார்ச்சைக் கொடுங்கன்னார். பாவமா இருந்துச்சு, புதுசா ஒரு டார்ச் இருக்கு, அதை எடுத்துக்கங்கன்னேன். வேணவே வேணாம், அதே பழைய டார்ச்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னார்."

"சரி, முதல்ல டார்ச்சைக் கொடுத்துட்டுக் கடிகாரத்தை வாங்கிட்டுப் போனது?"

சலூன்காரர் கத்தியை நிறுத்திவிட்டு அவரை விநோதமாகப் பார்த்தார். "என்ன சார் கேள்வி இது? அவரேதான்."

ரேடியோ கையிலிருந்த பத்திரிகை கீழே விழுந்தது.

"அப்ப... ஏணியும் அவர்தானா? கஷ்டப்பட்டு ஸ்கூட்டர் வரைக்கும் ஏறிட்டு, அவரே ஒவ்வொரு படியா இறங்கறாரா? எதுக்கு சார்? மேல காத்து வரலையாமா?"

"கீழே எதையோ விட்டுட்டுப் போயிட்டார்" என்றார் கொட்டாவியார். "எல்லாப் பொருளையும் அதது கொடுத்தவங்ககிட்டயே சேர்த்து, தான் கொடுத்ததைத் திரும்ப வாங்கிட்டு வரார். ஸ்கூட்டரை வாங்கிக்கிட்டு சைக்கிளைக் கொடுங்கன்னா யாருக்காவது கசக்குமா? டார்ச்தான் கடைசின்னு நினைச்சோம். அந்த டார்ச் அவருக்கு எதைக் கொடுத்து வந்துச்சு? ஏணியோட முதல் படத்தைக் காட்டு."

ரேடியோ போனைக் கீழே, இன்னும் கீழே தள்ளினாள். முதல் படம் வந்தது. ஒரு மேஜை விரிப்பு. விரிப்பின் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட கறுப்புத் தழும்பு. நடுவில் ஒரே ஒரு பொத்தான். சிவப்பு, பெரியது, மழைக்கோட்டில் இருக்கும் ரகம்.

"பொத்தானுக்கு யாரு சார் டார்ச் கொடுப்பாங்க?"

"யாரோ கொடுத்திருக்காங்க. கீழே ஏதோ எழுதியிருக்கு பார்."

ரேடியோ படித்தாள். "'பொம்மைக்குக் கண் கிடைத்தது, மிக்க நன்றி.'" அவள் குரல் இறங்கிவிட்டது. "மருந்துக்கடை வெச்சிருக்கற பொண்ணு சார். நம்பர் இருக்கு."

வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக மூன்றே வார்த்தையில் செய்தி சொன்னாள். "அவர் அங்கதான் இருக்கார்."

கொட்டாவியார் பாதி ஷேவிங்கோடு எழுந்து, தன் போனில் தையல்காரியை அழைத்தார். "அம்மா, ஒரு மருந்துக்கடை விலாசம் தரேன், கிளம்பி வாங்க. டார்ச் என்கிட்ட இருக்கு. நீங்க ஊசி நூல் மட்டும் கொண்டு வாங்க."

"ஊசி நூல் இல்லாம நான் எப்ப சார் இருந்தேன்?" என்று கேட்டாள். குரலில் ஈரமே இல்லை. "அவளைக் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"வாங்கம்மா."

அவள் பெட்டியோடு வந்து இறங்கினாள். நாளைக்கு வண்டி வரும்வரை காத்திராமல், பார்த்துவிட்டு அப்படியே அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்ற முடிவு முகத்தில் எழுதியிருந்தது. தெருமுனையிலேயே கொட்டாவியார் அவளை நிறுத்தினார். கன்னத்தில் ஒரு பக்கம் மழமழப்பும் மறுபக்கம் நுரையுமாக நிற்பவரை அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

"ஒரே ஒரு கேள்வி. காணாமப் போன பொத்தான் சிவப்பா?"

அவள் விழித்தாள். "உங்களுக்கு எப்படி..."

"தையல்காரங்க பொத்தானை ஜோடி ஜோடியா நூல்ல கோத்துத்தான் வைப்பாங்க. உங்க டப்பாவுல இது மட்டும் ஒத்தையா, எதோடயும் சேராம கிடந்திருக்கு. பார்க்கறவனுக்குக் குப்பைன்னு தோணும். ஆனா ஒரு தையல்காரி, கழண்ட பொத்தானைத் தைக்காமலும் தூக்கிப் போடாமலும் வருஷக்கணக்கா வெச்சிருந்தா, அது குப்பையா இருக்குமா?"

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி சார். மழை. கூட்டமான பஸ். ஒரு ஆளோட டூல்ஸ் பைக் கொக்கி என் மழைக்கோட்டுல மாட்டிப் பொத்தான் பிஞ்சுடுச்சு. நான் திட்டிட்டு இறங்கி வேற பஸ் ஏறிட்டேன். பார்த்தா, அந்த ஆளும் இறங்கி, பொத்தானைக் கையில பிடிச்சுக்கிட்டு மழையில என் பஸ் பின்னாடியே ஓடி வராரு. ரெண்டு ஸ்டாப் ஓடி வந்தார். பைத்தியக்காரர்." மூக்கை உறிஞ்சினாள். "அந்தக் கோட்டு கிழிஞ்சு போயே எவ்வளவோ காலமாச்சு. பொத்தானை மட்டும் வெச்சிருந்தேன். போன மாசம் எதேச்சையாப் பார்த்தேன், காணோம். டப்பாவைத் தரையில கொட்டித் தேடினேன். என்ன தேடறேன்னு கேட்டார். ஒண்ணுமில்லன்னுட்டேன். நான் சொல்லித்தான் அவருக்கு ஞாபகம் வரணும்னா, அந்த ஞாபகம் எனக்கு எதுக்கு சார்?"

ரேடியோ மூக்கைச் சிந்தினாள். கொட்டாவியார் பெட்டியைத் தான் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே தரையில் லிஃப்ட் மெக்கானிக் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தோளில் பை, கைகளில் கிரீஸ். அவருக்கு எதிரே ஒரு சிறுமி, துணிப் பொம்மையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. பொம்மைக்கு ஒரு கண் சின்னதாகக் கறுப்பு. இன்னொரு கண் பெரிதாகச் சிவப்பு. கதவருகே மருந்துக்கடைப் பெண் நின்றிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரேடியோ விரலை உதட்டில் வைத்தாள். ரேடியோ! அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்க்கக்கூடக் கொட்டாவியாருக்கு நேரமில்லை.

"டார்ச் தரேன் பாப்பா. எங்கேயோ வெச்சிட்டேன், தேடி எடுத்து நாளைக்குக் கண்டிப்பாத் தரேன்" என்றார் மெக்கானிக். எத்தனையாவது தடவையாகச் சொல்கிறாரோ.

"டார்ச் வேணாம். அதை எடுத்துட்டா இவளுக்குக் கண்ணு தெரியாது."

"வேற கண்ணு வெச்சுக்கலாம். அழகான கண்ணா."

"நீங்க தைப்பீங்களா?"

"எனக்குத் தைக்கத் தெரியாது. என் வீட்டுக்காரி நல்லாத் தைப்பா. ஊர்லயே அவ மாதிரி யாருக்கும் வராது."

"அப்ப அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

"அதான் முடியாது பாப்பா."

"ஏன்?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். "மூட்டையைத் தூக்கிட்டு பஸ்ல போறாளேன்னு, அவளுக்கு ஒரு வண்டி வாங்கித் தரலாம்னு இதை எடுத்துக் கொடுத்துட்டேன். ஒரு பொத்தான்தானேன்னு நினைச்சேன். அது என்னன்னு மறந்தே போச்சு. அவ டப்பாவைக் கொட்டித் தேடிட்டு, 'ஒண்ணுமில்ல'ன்னா பாரு, அந்த முகத்தைப் பார்த்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. நான் மறந்துட்டேன்னு அவளுக்குத் தெரியறதுக்குள்ள அது டப்பாவுக்குள்ள போயிடணும். இல்லாட்டி எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அவகிட்ட..."

வாசலில் பெட்டி பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டு அவர் திரும்பினார். கொட்டாவியார் கையிலிருந்துதான் விழுந்தது. ஆனால் மெக்கானிக் பார்த்தது கொட்டாவியாரை இல்லை. முகம் வெளுத்து, எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் பாதியில் நின்றார்.

தையல்காரி அவர் பக்கம் பார்க்கவே இல்லை. நேராகப் போய்ச் சிறுமியின் எதிரே உட்கார்ந்தாள். பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். தான் போட்டிருந்த ஸ்வெட்டரின் இரண்டு கைமுனைகளிலும் இருந்த நீலப் பொத்தான்களை நறுக் நறுக்கென்று வெட்டி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"பாரு கண்ணு. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு சிவப்பு வெச்சா உன் பொண்ணுக்கு எல்லாம் கோணலாத் தெரியும். இது ரெண்டும் ஒரே மாதிரி. சம்மதமா?"

சிறுமி யோசித்தாள். நீலத்தைப் பார்த்தாள், சிவப்பைப் பார்த்தாள், வாசலில் நின்றவர்களையும் பார்த்தாள். "டார்ச்சும் வேணும்."

"அடி சக்கை!" என்றாள் ரேடியோ. இவ்வளவு நேரம் அடக்கியதே அவளுக்குச் சாதனை. "இது ஸ்கூட்டர் வரைக்கும் போகாது சார், ஏரோப்ளேன் வரைக்கும் போகும்."

கொட்டாவியார் டார்ச்சைக் கொடுத்தார். தையல்காரி காலரிலிருந்த ஊசியை எடுத்தாள். சிவப்புப் பொத்தானைப் பிடித்திருந்த நூலை அறுக்கும்போது மட்டும் அவள் கத்தரியை நிதானமாக நகர்த்தினாள். பிறகு தையல் ஓட்டமாக ஓடியது. பொம்மைக்கு இரண்டு நீலக் கண்களும் வந்தன. சிறுமி டார்ச்சை அந்தக் கண்ணில் அடித்துப் பார்த்து, நன்றாகத் தெரிகிறதாம் என்று அறிவித்தாள்.

"ஸ்கூட்டரும் போச்சு" என்றார் மெக்கானிக், யாரிடம் என்றில்லாமல். "உனக்குன்னுதான் வாங்கினேன். அதையும் கொடுத்துட்டேன்."

"அப்ப இதுக்காகத்தான் பாத்ரூம்ல நின்னு பேசினீங்களா?"

"ஆமா."

"நான் என்னெல்லாம் நினைச்சேன் தெரியுமா?" அழுகை இப்போதுதான் வந்தது. வந்தபோது தாராளமாகவே வந்தது. "பெட்டி கட்டிட்டேன். அக்காகிட்ட சொல்லிட்டேன். ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?"

"மறந்துட்டேன்னு எப்படிச் சொல்றது?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பொத்தானைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவருடைய கிரீஸ் கையை இழுத்து, விரித்து, அதில் வைத்து மூடினாள்.

"நான் பஸ் ஸ்டாப்புக்குப் போறேன். நீங்க எடுத்துட்டு வாங்க."

விடுவிடுவென்று வெளியே நடந்தாள். மெக்கானிக் ஒரு நிமிடம் திகைத்து நின்றார். பிறகு ஒரு கையில் அவள் பெட்டியும் மறுகையில் பொத்தானுமாக, டூல்ஸ் பை இடுப்பில் இடிக்க, அவள் பின்னாலேயே ஓடினார். வயசான ஓட்டம். மூச்சு வாங்குவது கடை வாசல் வரை கேட்டது.

கொட்டாவியார் கடைப் படியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டார். ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சார், நம்ம ஃபீஸைக் கேக்கவே இல்லையே? இருந்த டார்ச்சையும் அந்தக் குட்டிகிட்டக் கொடுத்துட்டீங்க."

"விடு. நாளைக்குக் கேட்டுக்கலாம்."

தெருமுனையில் பஸ் வந்து நின்றது. தையல்காரி ஏறினாள். மெக்கானிக் இன்னும் பாதித் தெருவில்தான் இருந்தார். பஸ் மெல்ல நகர்ந்தது. அவர் பெட்டியை மாற்றிப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். அதற்குள் ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்து பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் படபடவென்று தட்டியது. ஸ்வெட்டரின் கைமுனையில் பொத்தான் இல்லாமல் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. பஸ் நின்றது. அவர் ஏறும் வரை அந்தக் கை தட்டிக்கொண்டே இருந்தது.